401 கே கடனில் பழைய ஃபோர்டு பிக்கப்பைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன், வயது 44. 1974 ஃபோர்டு எஃப் 250, நான்கு சக்கர இயக்க பிக்கப் ஒன்றை 8,500 டாலருக்கு வாங்கிவிட்டேன். 360 வி8 எஞ்சின், ஓடுகிறது, துரு இருக்கிறது. பாடியை ஃபிரேமிலிருந்து தூக்கி முழுசாகப் புதுப்பித்து, வண்டியை உயர்த்தி, இப்போதுள்ள 31 அங்குல டயருக்குப் பதில் 37 அங்குலம் போட ஒர்க் ஷாப்பில் 62,000 டாலர் கேட்கிறார்கள். சேமிப்பு 22,000 இருக்கிறது. மீதி 40,000-ஐ 401 கே எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து 8 சதவீதத்தில் ஐந்து வருடக் கடனாக எடுக்க யோசனை. அதில் எனக்கு முழு உரிமையான தொகை 1,10,000. மாதம் 700 டாலர் மிச்சம் பிடிக்க முடியும். நான்கு வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போவாள். அப்போது வண்டியை லாபத்துக்கு விற்று ஃபீஸ் கட்டிவிடலாம் என்று கணக்கு. மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். கடனை விடுங்கள். பாடியைத் தூக்கும் வேலையையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

முதலில் கடன். உரிமையான தொகையில் பாதி அல்லது 50,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம் என்பது விதி. ஆகவே 40,000 கிடைக்கும். ஆனால் 8 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 811 டாலர். உங்களால் முடிவதோ 700. இடையில் வேலை போனாலோ மாறினாலோ பல திட்டங்களில் நிலுவை முழுவதையும் கேட்டுவிடுவார்கள். கட்ட முடியாவிட்டால் அது பணத்தை எடுத்ததாகக் கணக்காகும். 30,000 பாக்கி, நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அபராத வரி 10 சதவீதமும் சேர்த்து மத்திய வரி மட்டும் 9,600 டாலர். வீட்டில் உங்களுக்குள்ள சொந்தப் பங்கை அடமானம் வைத்து வாங்கும் வீட்டு ஈக்விட்டி கடனும் தீர்வல்ல: வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ செலவழிக்காத பணத்தின் வட்டிக்கு வரிக்கழிவு கிடையாது.

அடுத்து அந்த லாபம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய வண்டிக்கு அப்படியே பொருந்தும். வாங்கியதும் செலவழித்ததும் சேர்ந்து உங்கள் அடக்கம் 70,500 டாலர். 45,000-க்கு விற்றால் 25,500 நஷ்டம். சொந்த உபயோகப் பொருளில் வந்த நஷ்டம் என்பதால் அதை வரியில் கழிக்க முடியாது. லாபம் வந்தாலோ மூலதன ஆதாய வரி உண்டு. உதிரி பாகம், கூலி ரசீதுகளை அடக்கத்தில் சேர்க்கலாம். உங்கள் சொந்த உழைப்புக்கு அங்கே விலை இல்லை. ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போடுங்கள்.

நட்டம் வருவது பெரும்பாலும் விற்கும் நாளில் அல்ல, வேலை பாதியில் நிற்கும் நாளில். ஓடுகிற துருப்பிடித்த வண்டியை வாங்க ஆள் வருவார்கள். பாடி ஒரு மூலையில், ஃபிரேம் ஒரு மூலையில், போல்ட்டெல்லாம் பெயர் எழுதாத டப்பாக்களில் என்று கிடந்தால், அதே வண்டிக்கு நீங்கள் கொடுத்த 8,500-கூடத் திரும்பாது. பில் பாக்கி இருந்தால் ஒர்க் ஷாப் வண்டியைப் பிடித்து வைக்கவும் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இடம் தருகிறது. எந்த மாதம் பணம் நின்றாலும் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். திட்டத்தை அப்படிப் போடுங்கள்.

ஒரு பைசா செலவழிக்கும் முன் ஒரு காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். கேபின் ஃபிரேமில் உட்காரும் மவுன்ட்டுகள், கேபின் பின்புறக் கீழ் மூலைகள், தரைத் தகடு, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், கூரையோர மழைநீர்ப் பள்ளம் ஆகியவற்றைப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி கனமாக இருக்கிறது. குத்தினால் ஸ்க்ரூடிரைவர் இறங்கும் இடத்தில் தகடே இல்லை. மவுன்ட்டுகள் போயிருந்தால் பேட்ச் அடிப்பதைவிட நல்ல கேபின் ஒன்றைத் தேடுவது மலிவாக முடியலாம். அப்படி மாற்றும்போது கதவுத் தகட்டிலுள்ள வண்டி அடையாள எண் ஒன்றாகவும் ஃபிரேமில் அடித்த எண் வேறாகவும் நின்றால் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) சிக்கல் வரும். அதனால் வலப்பக்க ஃபிரேமின் மேல்புறத்தைச் சுரண்டி, அங்குள்ள எண் டைட்டிலோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள்.

37 அங்குல டயருக்கு வருவோம். 1967 முதல் 1977 நடுப்பகுதி வரையிலான இந்த மாடலுக்கு ஹைபாய் என்று பெயர் வந்ததே ஃபாக்டரியிலிருந்தே உயரமாக வந்ததால்தான். அதை இன்னும் தூக்குவானேன்? டயர் செலவு டயரோடு நிற்காது. உங்கள் ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 4.10 என்றால், 37 போட்டதும் வண்டிக்கு அது 3.44 போல ஆகிவிடும், மேட்டில் இழுக்காது. பழைய இழுவை வேண்டுமென்றால் 4.88 விகிதக் கியர் போட வேண்டும். நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்றியாக வேண்டும். முன்னால் உள்ள டேனா 44 ஆக்ஸிலில் பழைய கேரியரே (கியரைத் தாங்கும் கூடு) போதும். பின்னால் உள்ள டேனா 60-இலோ 4.10 வரை ஒரு கேரியர், 4.56-இலிருந்து வேறு கேரியர். அதையும் வாங்க வேண்டும். ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் அது 60 மைல் காட்டும்போது வண்டி 71-ஐத் தாண்டியிருக்கும், அதுவும் முன்னாலும் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு. ஒர்க் ஷாப் மதிப்பீட்டில் கியர், கேரியர், பிரேக் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 62,000 என்பது தொடக்க விலைதான்.

மாதம் 700-ஐப் பிரியுங்கள்: 300 மகளின் 529 கணக்குக்கு (கல்லூரிச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு), 400 வண்டிக்கு. சேமிப்பிலிருந்து 6,000-க்கு மேல் தொடாதீர்கள். மீதி 16,000 அவசர நிதி. நான்கு வருடத்தில் வண்டிக்கு 25,200 டாலர் ஆகிறது. கண்காட்சியில் நிறுத்தும் வண்டி இதில் வராது. நம்பி ஓட்டும் வண்டி வரும்.

முதல் வருடம் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள். கூடவே பெட்ரோல் டேங்க்கைக் கழுவி, எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். பழைய ரப்பர் இன்றைய பெட்ரோலில் ஊறி உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும், கசிந்தால் தீப்பிடிக்கும். ரிம்மையும் பாருங்கள். அந்தக் கால முக்கால் டன் வண்டிகளில் 16.5 அங்குல ரிம் சகஜம். அதில் 16 அங்குல டயரை ஏற்றினால் காற்றடிக்கும்போதே வெடித்து ஆளைக் கொல்லக்கூடும். 16.5-க்கு டயர் கிடைப்பதும் அரிது; எட்டு போல்ட் 16 அங்குல ரிம்மாக மாற்றிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் வருடம் டிங்கரிங், ஒரு நேரத்தில் ஒரு பகுதி. எஞ்சின் ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் கெட்டிப்படுத்திய வால்வு சீட் போடச் சொல்லுங்கள். ஈயமில்லாத பெட்ரோலில் பாரம் இழுத்தால் பழைய சீட் தேயும். பெயின்ட் கடைசி. கழற்றும் ஒரிஜினல் பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு.

டிங்கரிங்கை வெளியே கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். முடிந்த கட்டத்துக்கு மட்டும் பணம். பாகங்களை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி கேளுங்கள். வண்டி முழுசாகப் போனால், முன்பே பேசி முடித்த தொகையை அது தரும். சாதாரண பாலிசி தேய்மானம் போன சந்தை மதிப்பைத்தான் தரும். ‘குறிப்பிட்ட மதிப்பு’ என்று ஒன்றை நீட்டுவார்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும், நீங்கள் சொன்ன தொகையோ சந்தை மதிப்போ எது குறைவோ அதையே தருவார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் போட்டோவும் ரசீதும் அனுப்பித் தொகையை உயர்த்துங்கள். இத்தகைய பாலிசிகள் தினசரி ஓட்டத்தையும் கூலிக்குச் சுமை இழுப்பதையும் பொதுவாக ஏற்பதில்லை. டிரெய்லர் இழுக்கும் எண்ணமிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே அதைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.