கோலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன? – கைவேலைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தையல், கால்வாசி குரோஷே. மீதியில் ஒன்று கோலத்தின் பெயர் பற்றியது, நான் இருபது வருஷமாக வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி வரும் விஷயம். அதற்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. கைவேலை ஆங்கிலத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதுதான்: பொருளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அதை வைத்துச் செய்யும் வேலைக்கான வினைச்சொல்லையும் சேர்த்துப் படியுங்கள்.

ஸ்வெட்டர் பின்னுகிறேன், ஒயர் கூடை பின்னுகிறேன், மகளுக்குச் சடை பின்னுகிறேன். எல்லாவற்றுக்கும் ‘நிட்’ என்றால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள், அக்கா. – உட்லண்ட்ஸ் வாசகி

தமிழில் ‘பின்னுவது’ ஒரு கூட்டுக்குடும்பம். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு வீடு. இரண்டு ஊசி, கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே வரிசையாக நிற்கும் என்றால் ‘நிட்’. ஒரே கொக்கி ஊசி, ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும் என்றால் ‘குரோஷே’. கூடை, பாய், தறித்துணி என்று குறுக்கும் நெடுக்குமாக மேலும் கீழும் போனால் ‘வீவ்’. மூன்று பிரி எடுத்து மாற்றி மாற்றிப் போடுவதற்கு அமெரிக்கர் ‘பிரெய்ட்’ என்பார்கள், பிரிட்டிஷார் ‘பிளாட்’ என்பார்கள். எழுத்தைப் பார்த்து அதை ‘பிளெய்ட்’ என்று வாசித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நம் ஒயர் கூடையை ‘வயர் பாஸ்கெட்’ என்று சொன்னால் கேட்பவர் மனதில் வருவது கம்பிக் கூடை. ‘வோவன் பிளாஸ்டிக் பாஸ்கெட்’ என்று சொல்லுங்கள், உடனே புரியும். பூவுக்கும் இதே கதைதான்: ஊசியில் கோர்த்தால் ‘ஸ்ட்ரிங்’, நாரில் முடிச்சுப் போட்டுக் கட்டினால் ‘டை’.

பசார் கடையில் என் தோடுகளுக்கு ‘ஹோம்மேட்’ என்று எழுதி வைக்கலாமா?

வேண்டாம். ‘ஹோம்மேட்’ என்றால் முறுக்கு, ஊறுகாய். தோட்டுக்கு ‘ஹேண்ட்மேட்’.

இணையத்தில் கிடைத்த குரோஷே பேட்டர்னைப் பார்த்து முயல் பொம்மை போட்டேன். உடம்பு இரண்டு மடங்கு நீண்டுவிட்டது, ஓட்டை வழியாகப் பஞ்சு தெரிகிறது. எங்கே தப்பு? – ஈசூன்

எந்தப் பேட்டர்ன், எந்த நாட்டுக்காரர் எழுதியது, கொக்கி எத்தனை மில்லிமீட்டர் என்று ஒன்றுமே எழுதாமல் ‘எங்கே தப்பு’ என்றால் நான் எப்படிச் சொல்வது? கேள்வி அனுப்பும்போது இந்த மூன்றையும் எழுதுங்கள் என்று போன தடவையும் கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது பிரிட்டிஷ்-அமெரிக்கக் குழப்பம்தான். பிரிட்டிஷ் பேட்டர்னில் ‘டபுள் குரோஷே’ என்பதும் அமெரிக்கப் பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்பதும் ஒரே தையல், குட்டையானது. அமெரிக்கரின் ‘டபுள்’ பிரிட்டிஷாருக்கு ‘ட்ரெபிள்’, அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம். நீங்கள் அமெரிக்கக் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு, பிரிட்டிஷ் பேட்டர்னில் ‘டபுள்’ என்றிருந்ததை அந்தக் கணக்கில் போட்டிருப்பீர்கள். உயரம் கூடும், நடுவில் சந்து விழும், பஞ்சு எட்டிப் பார்க்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பேட்டர்னில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்று வந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. ‘டென்ஷன்’, ‘மிஸ்’ என்று எழுதினால் பிரிட்டிஷ் கை, ‘கேஜ்’, ‘ஸ்கிப்’ என்றால் அமெரிக்கக் கை. நூல் உறையில் 4 மில்லிமீட்டர் கொக்கி என்று போட்டிருந்தாலும் பொம்மைக்கு 3 எடுங்கள், இறுக்கமாக வரும்.

முயலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிப்பதற்கும் குரோஷேக்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: ‘ஃப்ராக்’. ‘ரிப் இட், ரிப் இட்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலக் காதுக்கு அது தவளைச் சத்தம்.

சமூக மன்றத்தில் ஆங்கிலத் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ‘ஃபால்ஸ்’, ‘பீக்கோ’, ‘காஜா’ என்றால் ஆசிரியருக்குப் புரியவில்லை. இவை ஆங்கிலச் சொற்கள் இல்லையா? – தெம்பனிஸ்

தேக்கா மாடியில் இருக்கும் தையல்கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வெளியே செல்லாது. ‘ஃபால்ஸ்’ நம் ஊர்ச் சேலைக்காரர்களின் ஆங்கிலம். உங்கள் ஆசிரியரிடம் ‘ஹெம் ஃபேசிங்’ என்று சொல்லுங்கள், சேலை ஓரத்துக்கு உள்பக்கம் வைக்கும் துணிப்பட்டை என்று காட்டியும் விடுங்கள். ‘பீக்கோ’ பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அங்கே அது குட்டிக் குட்டி வளையமாக வரும் ஓரத்தைக் குறிக்கும். சேலை முனையைச் சுருட்டித் தைப்பதற்கு ‘ரோல்டு ஹெம்’. ‘காஜா’ போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது, ஆங்கிலத்தில் ‘பட்டன்ஹோல்’. ‘ஓவர்லாக்’ இங்கே செல்லும், அமெரிக்கப் புத்தகத்தில் அதே மெஷின் ‘சர்ஜர்’. விறைப்புக்கு உள்ளே வைக்கும் துணி ‘இன்டர்ஃபேசிங்’, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்வது ‘ஃப்யூசிபிள்’. பாவாடை நாடா ‘ட்ராஸ்ட்ரிங்’.

முக்கியமாக, ‘ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லிவிடாதீர்கள், கோட் தைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். சேலைக்குப் போடுவது ‘பிளவுஸ்’.

இது என்ன வேலைப்பாடு? (படம் இணைப்பு)

படம் இருட்டு. துணியின் பின்பக்கத்தையும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். எம்ப்ராய்டரியின் குட்டு பின்பக்கத்தில்தான் வெளிப்படும்.

எங்கள் புளோக்கின் கீழே பொங்கலுக்குக் கோலப் பயிற்சி வைக்கிறோம். சீன, மலாய் அண்டைவீட்டாரும் வர வேண்டும். அறிவிப்பில் ‘ரைஸ் ஃப்ளார் டிராயிங்’ என்று போடலாமா, இல்லை ‘ரங்கோலி’ என்றே போட்டுவிடலாமா? – பொங்கோல்

இரண்டும் வேண்டாம். ‘கோலம்’ என்று போடுங்கள். ஆங்கிலத்தில் எழுத ஐந்தே எழுத்து.

உங்கள் அறிவிப்புப் பலகையையே ஒரு தடவை பாருங்கள். பக்கத்திலேயே ‘பாத்திக்’ வகுப்பு, ‘ஒரிகாமி’ வகுப்பு என்று ஒட்டியிருப்பார்கள். பாத்திக்கை யாராவது ‘மெழுகு தடவிச் சாயம் தோய்த்தல்’ என்று மொழிபெயர்த்து ஒட்டுகிறார்களா? அது ஜாவாவிலிருந்து வந்த சொல், அப்படியே ஆங்கிலத்தில் உட்கார்ந்துவிட்டது. ‘ஒரிகாமி’ ஜப்பானியம்: ‘ஒரி’ மடிப்பு, ‘காமி’ காகிதம். ‘இக்காட்’ மலாய்ச் சொல், கட்டுவது என்று அர்த்தம். நூலை ஆங்காங்கே கட்டிச் சாயத்தில் போடுவதால் அந்தப் பெயர். ‘பண்டானா’வும் கட்டுவதுதான், இந்தியிலிருந்து போனது. ‘காலிக்கோ’ துணிக்குப் பெயர் கொடுத்தது கோழிக்கோடு. தேங்காய் நார் ‘காயர்’ மலையாளத்துக் கயிறு, நம் கயிறும் அதுவும் ஒன்றுதான். கைவேலைச் சொற்களை ஆங்கிலம் இப்படித்தான் ஊர் ஊராக வாங்கிச் சேர்த்திருக்கிறது. நாம் மட்டும் வீட்டு வாசலில் தினமும் போடுகிற ஒன்றின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறோம். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

‘ரங்கோலி’ என்று போட்டால் என்ன என்று வகுப்பிலும் கேட்பார்கள். அது வடக்கத்தி வழக்கம், அதற்கென்று ஓர் அழகு இருக்கிறது, நானே போடுவேன். ஆனால் அதில் பெரும்பாலும் வண்ணப்பொடி இட்டு நிரப்புவார்கள். நம் புள்ளிக்கோலத்தின் உயிர் கோட்டில் இருக்கிறது: புள்ளிகளை வரிசையாக வைத்து, வெள்ளை மாவால் புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போய், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். பெயரை மாற்றினால் வருகிறவர் எதிர்பார்ப்பதும் மாறிவிடும். ஒரு வருஷம் என் வகுப்புக்கான அறிவிப்பில் என்னைக் கேட்காமலே ‘ஃப்ளோர் ஆர்ட்’ என்று அச்சடித்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் கையில் பெயின்ட் பிரஷ். அவர்கள் மேல் என்ன தப்பு?

எனவே பெயரைப் பெரிதாகப் போட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்: ‘பேட்டர்ன்ஸ் ட்ரான் வித் ரைஸ் ஃப்ளார் அரௌண்ட் எ கிரிட் ஆஃப் டாட்ஸ்’. இது போதும்.

சொல்லிக் கொடுக்கும்போது வினைச்சொல்லில் கவனம். புள்ளி வைப்பது ‘லே அவுட் தி டாட்ஸ்’. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுப்பது ‘பின்ச்’. அதைச் சீராக விடுவது ‘ட்ரிக்கிள்’. புள்ளியைச் சுற்றி வருவது ‘லூப்’. என் வகுப்புக்கு ஒரு சீனப் பாட்டி வந்தார். முதல் வரிசையில் மாவு கொட்டு கொட்டாக விழுந்தது, கோடே வரவில்லை. ‘போர்’ (கொட்டுவது) செய்யாதீர்கள், ‘பின்ச்’ செய்யுங்கள் என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். மணிக்கட்டைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிறுத்தி, விரலை மட்டும் லேசாகத் தேய்த்தார். மூன்றாவது வரிசையில் கோடு இழையாக ஓடியது. போகும்போது கைப்பேசியில் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினார். அதன் கீழே என்ன எழுதினார் தெரியுமா? ‘மை கோலம்’. பெயரை அவருக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை.

‘ஸோ’வா, ‘ஸ்யூ’வா?

தைப்பது ‘ஸோ’. ‘ஸ்யூ’ என்றால் வழக்குப் போடுவது.

மகன் தொடக்கநிலை 6. வாய்மொழித் தேர்வில் பொழுதுபோக்கு பற்றிக் கேட்டால் ‘ஐ லைக் ஆர்ட் அண்ட் கிராஃப்ட், இட் இஸ் ஃபன் அண்ட் இன்ட்ரஸ்டிங்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறான். அட்டைப்பெட்டியில் கார் செய்வது அவனுக்குப் பிடிக்கும். நல்ல சொற்கள் பட்டியல் தர முடியுமா? – ஜூரோங் வெஸ்ட்

பட்டியல் தர மாட்டேன், அம்மா. 2025 முதல் வாய்மொழிக்கு 40 மதிப்பெண், அதில் உரையாடலுக்கு மட்டும் 25. பட்டியலை ஒப்பித்தால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அட்டைக் கார் இருக்கிறதே, அதுவே போதும். அவன் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வேலைக்கும் பெயர் சொல்ல வையுங்கள். மூடியை அட்டையில் வைத்து வட்டம் எடுப்பது ‘ட்ரேஸ்’. ஓரத்தைச் செதுக்குவது ‘ட்ரிம்’. மடிப்பு நேராக வர, முழுக்க வெட்டாமல் கத்தியால் லேசாகக் கீறுவது ‘ஸ்கோர்’. பெரியவர்கள் பலருக்கே தெரியாத சொல் இது. பசை காய்ந்து பிடிப்பது ‘செட்’.

அப்புறம் போன தடவை என்ன கெட்டுப்போனது என்று கேளுங்கள். சக்கரம் கழன்றதா? ‘தி வீல் கேம் ஆஃப் பிகாஸ் தி க்ளூ ஹேடன்ட் செட்’. இந்த ஒரு வாக்கியம் ‘ஃபன் அண்ட் இன்ட்ரஸ்டிங்’கைப் போல பத்து மடங்கு பெறும், ஏனென்றால் அது அவனுக்கு உண்மையிலேயே நடந்தது.

பேட்டைத் தையல்கடையில் ‘மேக் ஸ்மாலர்’ என்று சொல்லிக் கால்சட்டையைக் கொடுத்தேன். இடுப்பை விட்டுவிட்டு நீளத்தை வெட்டிவிட்டார்கள்.

‘சின்னதாக்கு’ என்றால் எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? இடுப்பைப் பிடிக்க ‘டேக் இன்’. தளர்த்த ‘லெட் அவுட்’. நீளத்தைக் குறைக்க ‘டேக் அப்’. மடித்ததைப் பிரித்து நீளமாக்க ‘லெட் டவுன்’. நாலே நாலுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குண்டூசி குத்திக் காட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

ஆரி வேலை கற்றுக்கொடுக்கிறேன். ஆங்கிலம் பேசும் மாணவிகளுக்கு எப்படி விளக்குவது?

‘ஆரி எம்ப்ராய்டரி’ என்றே தொடங்குங்கள், கோலத்துக்குச் சொன்னதுதான் இதற்கும். மேலைநாட்டு எம்ப்ராய்டரி தெரிந்தவராக இருந்தால், இதே கொக்கி ஊசி வேலைக்கு அங்கே உள்ள பெயரான ‘டாம்பூர்’ என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். பிரெஞ்சில் அது மத்தளம் மாதிரியான வாத்தியத்தின் பெயர். துணியைச் சட்டத்தில் அவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்டுவதால் அப்படி அழைத்தார்கள். கொக்கி போடும் தையல் ‘செயின் ஸ்டிட்ச்’, சமிக்கி ‘சீக்வின்’, குழாய் மணி ‘பியூகிள் பீட்’. சட்டம் நாற்சதுரமாக இருந்தால் ‘ஃப்ரேம்’, வட்டமாக இருந்தால் ‘ஹூப்’. ஜரிகையை ‘கோல்ட் த்ரெட்’ என்று விற்காதீர்கள், தங்கம் இல்லையென்றால் ‘மெட்டாலிக் த்ரெட்’.

இந்தச் சொற்களை எல்லாம் ஒரே இடத்தில் படிக்க நூலகத்தில் எந்த அலமாரிக்குப் போக வேண்டும்?

746. பின்னலும் குரோஷேயும் 746.43, எம்ப்ராய்டரி 746.44. உடை தைப்பது 646 பக்கம், காகித மடிப்பு 736. எடுத்ததும் முன்பக்கங்களில் இருக்கும் சுருக்கக்குறிப் பட்டியலைத் திறந்து, பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா என்று பார்த்துவிட்டு இரவல் வாங்குங்கள். ஈசூன் வாசகிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.