முன்தோட்டத்தில் கான்கிரீட் வேண்டாம்

அன்புள்ள அக்கா,

கோவையிலிருந்து லண்டன் வந்து எட்டு மாதமாகிறது. டாகன்ஹாம் பக்கம் பெகன்ட்ரீயில் வாடகைக்கு இருக்கிறோம். தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று மனைவிக்குச் சந்தேகம். வீட்டுக்காரர் வீட்டை எங்களையே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார், முன்பக்கத் தோட்டத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டு இரண்டு கார் நிறுத்த வசதி செய்து தருகிறாராம். இங்கேயே வாங்கலாமா, இல்லை நம் ஆட்கள் இருக்கும் ஈஸ்ட்ஹாமுக்குப் போய்விடலாமா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

வீடு வாங்குவதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள் யாரையாவது கேளுங்கள். ஈஸ்ட்ஹாம் ஒன்றும் வேறு தேசத்தில் இல்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் அப்னி, பார்க்கிங் (Barking) என்று இரண்டு ஸ்டேஷன், அடுத்தது ஈஸ்ட்ஹாம். முருகன் கோயிலுக்கும் கறிவேப்பிலைக்கும் போய்வந்தால் போயிற்று. ஆனால் போகிற போக்கில் அந்தக் கான்கிரீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் எங்கள் தெருவில் எதிர்வரிசையில் இன்னொரு வேலி போனது. காலையில் லாரி வந்தது, மத்தியானத்துக்குள் ப்ரிவெட் என்கிற வேலிச்செடியெல்லாம் வேரோடு வெளியே கிடந்தது. அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருக்கும் தெரு தானாக முளைத்ததில்லை. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு நல்ல வீடு தருவதாகப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாக்குக் கொடுத்தார். 1919இல் கிறிஸ்டோபர் அடிசன் என்ற மந்திரி, அவர் படிப்பால் டாக்டர், அரசுப் பணத்தில் உள்ளாட்சிகள் வீடு கட்டுவதற்குச் சட்டம் கொண்டுவந்தார். அதில் தொடங்கி லண்டனின் உள்ளாட்சியான லண்டன் கவுண்டி கவுன்சில், பக்கத்து எசெக்ஸ் மாவட்டத்தின் காய்கறி வயல்களை வாங்கி, 1921லிருந்து 1930களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 26,000 வீடுகள் கட்டியது. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய அரசுக் குடியிருப்பு உங்கள் பெகன்ட்ரீதான். கிழக்கு லண்டனின் நெரிசலில் முற்றத்துக் குழாயைப் பல குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, தனிக் கழிப்பறை, குளிக்கத் தொட்டி, பின்னால் தோட்டம், முன்னால் ஒரு சின்னத் தோட்டம், அதைச் சுற்றி ப்ரிவெட் உயிர்வேலி. முன்தோட்டத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று குடியிருப்போர் விதியிலேயே இருந்தது. நல்ல தோட்டத்துக்குப் பரிசும் கொடுத்தார்கள். தெருவைப் பார்த்த மண் எல்லாருக்கும் வேண்டும் என்று ஒரு அரசாங்கம் பணம் செலவழித்து நினைத்திருக்கிறது தம்பி, அதைத்தான் இரண்டு காருக்காக மூடப்போகிறீர்கள்.

ஒரே அச்சு என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதவுகளைக் கவனியுங்கள். 1980இல் தாட்சர் அரசு, குடியிருப்பவர்களே உள்ளாட்சி வாடகைக்கு விட்ட கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. வாங்கியவர்கள் முதலில் கதவைத்தான் மாற்றினார்கள், அப்புறம் முகப்பில் கல் ஒட்டினார்கள், சின்னதாக ஒரு போர்ட்டிகோ வைத்தார்கள். எந்த வீடு யாருடைய சேமிப்பு என்று அந்தத் தெருவிலேயே எழுதியிருக்கிறது. எட்டு மாதமாக அதன் வழியாகத்தானே ஸ்டேஷனுக்கு நடக்கிறீர்கள், செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எப்படித் தெரியும்?

உங்கள் மனைவியின் சந்தேகத்தைத் தள்ளிவிட மாட்டேன். 2006இல் இந்த வட்டாரக் கவுன்சிலில் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி 12 இடம் பிடித்தது. வெளிப்படையான இனவாதக் கட்சி. அப்போது நாங்கள் இங்கேதான் இருந்தோம். ரிசல்ட் வந்தபிறகு நான் குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகப் பயந்தேன், வழியில் பார்க்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து இவரா, இவரா என்று நினைத்தேன். அந்த மே மாதம்தான் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, அரசியலும் தெரியாது, காலையில் எழுந்ததும் வாசலைப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கதவிலிருந்து தெரு கேட் வரைக்கும் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு வேலி ஓரமாக நின்றுகொள்வாள். பக்கத்து வீட்டுக் கிழவி எழுபது தாண்டியவர், டீக் கோப்பையோடு அவர் பக்கத்து வேலியருகே வந்து நிற்பார். சின்னக் குழந்தையாகக் கிழக்கு லண்டன் ஸ்டெப்னியிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தவர், கணவர் ஃபோர்டு கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இறந்துபோயிருந்தார். இரண்டு பேரும் பேசுவார்கள். அம்மா தமிழில், அவர் இங்கிலீஷில். செடியைக் காட்டுவார்கள், முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள், பேரப்பிள்ளைகள் எத்தனை என்று விரலை நீட்டுவார்கள். குளியலறைத் தொட்டியைப் பார்த்து அவருடைய அம்மா அழுத கதையை நான் மொழிபெயர்த்தபோது என் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருநாள் நான் நேராகக் கேட்டுவிட்டேன், நீங்களும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. தான் போடவில்லை, மகன் போட்டான் என்றார். பேத்திக்கு இரண்டு குழந்தைகள், கவுன்சில் வீட்டுக்கு வரிசையில் நிற்கிறாள், நான் வளர்ந்த குடியிருப்பில் அவளுக்கு ஒரு வீடு இல்லையே கண்ணு, என்றார். வீடுகளை விற்றார்கள், விற்றதற்கு ஈடாகக் கட்டவில்லை. இல்லாத வீட்டுக்கான கோபத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட ஒரு கட்சி வந்தது. மகன் செய்தது தப்புதான், அதை அவரிடமே சொன்னேன், அவரும் தலையை ஆட்டினார். மறுநாள் காலையிலும் டீக் கோப்பையோடு வந்து நின்றார். 2010இல் அந்தக் கட்சிக்கு இங்கே ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு வீடுவீடாக நடந்து வேலை செய்தவர்கள் நிறையப் பேர், எங்கள் வேலியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வேறு எங்கே வைத்து நான் கேட்டிருப்பேன்? கதவைத் தட்டிக் கேட்க முடியுமா? கடை வரிசையில் கேட்க முடியுமா? யாரும் யாரையும் கூப்பிடாமல், அவரவர் நிலத்திலேயே நின்று, பிடிக்கவில்லை என்றால் செடியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்ள வசதியோடு பேச முடிகிற ஒரே இடம் அதுதான். இங்கிலீஷ்காரர்கள் வீட்டுக்குள் சட்டென்று கூப்பிட மாட்டார்கள், உண்மைதான். வேலியோரம் நின்றால் பேசுவார்கள். நீங்கள் நின்றீர்களா?

முன்பக்கம் கார் நின்றால் என்ன ஆகிறது பாருங்கள். காரிலிருந்து இறங்கி மூன்று எட்டில் கதவு, உள்ளே போய்ச் சாத்திக்கொள்வோம். குனிந்து களை பிடுங்க ஒன்றுமில்லை, நிற்கக் காரணமில்லை. நடைபாதை விளிம்பை உங்கள் காருக்காகச் சரித்துவிட்டால் அங்கே வேறு யாரும் நிறுத்தவும் முடியாது, அப்புறம் அவர்களும் தங்கள் தோட்டத்தை மூடுவார்கள். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் நேராகச் சாக்கடைக்குப் போகும், கொட்டினால் சாலையில் நிற்கும். இப்படித்தான் எங்கள் தெருவில் ஒரு பக்கம் முழுவதும் போயிற்று, அந்தப் பக்கத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரு செத்துக் கிடக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டே அதைக் கொல்லும் வேலைக்குத் தலையாட்டுவது எனக்குக் கோபம் வருகிற விஷயம் தம்பி, உங்கள் மேல் அன்பு இருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வீட்டுக்காரரிடம் செண்டிமென்ட் பேச வேண்டாம், சட்டம் சொல்லுங்கள். 2008லிருந்து இங்கிலாந்தில், ஐந்து சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரையை முன்தோட்டத்தில் போட, தண்ணீரை மண்ணுக்குத் திருப்ப ஏற்பாடு இல்லையென்றால் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். நடைபாதை விளிம்பைச் சரிக்கத் தனி அனுமதி. இந்தச் செலவைக் கேட்டாலே அவர் யோசிப்பார்.

ப்ரிவெட் அளவு மீறி வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், அப்போது பெரிதாக வெட்டாதீர்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வெட்டுங்கள். உங்களிடம் இருந்தாலும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா