கறி ஏன் நெஞ்சில் நிற்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து மாதங்களுக்கு முன் உடல் எடையைக் குறைக்க பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். எடை நன்றாகக் குறைந்து வருகிறது. முட்டை, தயிர், மீன் எல்லாம் சிரமமில்லாமல் இறங்குகின்றன. ஆனால் கோழிக்கறியோ ஆட்டுக்கறியோ இரண்டு வாய் சாப்பிட்டதும் நெஞ்சுக்கு நடுவே கல் வைத்தது போல் ஆகிவிடுகிறது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியில் முடிகிறது. தண்ணீர் குடித்துத் தள்ளிவிடப் பார்த்தேன், இன்னும் மோசமானது. வேறு சில நாட்களில் அதே கறி ஒன்றும் செய்வதில்லை. போன வாரம் மட்டும் இரண்டு முறை சாப்பாட்டின் நடுவே எழுந்து போனேன். அறுவை சிகிச்சையில் ஏதாவது தவறு நடந்துவிட்டதா? இனி இறைச்சியையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி ஒன்று இருக்கிறது. சில நாட்களில் அதே கறி ஒன்றும் செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சையில் இரைப்பையையும் குடலையும் இணைத்த இடம் சுருங்கிப்போயிருந்தால் பொதுவாக இப்படி ஒரு நாள் இறங்கி மறுநாள் நிற்காது. முதலில் கெட்டியான உணவு நிற்கும், பிறகு மென்மையான உணவு, அப்புறம் தண்ணீர்கூட இறங்கச் சிரமப்படும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு முட்டையும் மீனும் தினமும் நன்றாக இறங்குகின்றன. எனவே பெரும்பாலும் சிக்கல், கறி எப்படி வெந்தது, எவ்வளவு மென்றீர்கள், எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டீர்கள் என்பதில்தான் இருக்கும். ஆனாலும் வாரத்தில் இரண்டு முறை வாந்தி என்பது உங்கள் அறுவை சிகிச்சைக் குழுவுக்குத் தெரிய வேண்டிய செய்தி. அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வழக்கமான இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதன் கீழ்ப்பகுதி தடித்த தசையால் ஆனது, அதை அரவைக்கல் என்றே சொல்லலாம். கறித்துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாகும் வரை பிசைந்து அரைத்த பிறகே குடலுக்கு அனுப்பும். சரியாக மெல்லாமல் விழுங்கினாலும் அது பார்த்துக்கொள்ளும். பைபாஸ் செய்தவர்களுக்கு உணவு அந்த அரவைக்கல்லின் பக்கமே போவதில்லை. மேலே சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு பை இருக்கிறது. அதிலிருந்து குடலுக்குப் போகும் வாய் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்தான். அந்தப் பையில் அமிலமும் மிகக் குறைவு. ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை, செய்துகொண்டவர்களுக்கு அரைக்கும் பகுதி பெருமளவு மிஞ்சியிருக்கும், ஆனால் இரைப்பையே ஒடுங்கிய குழாய் போல ஆகிவிடுவதால் அவர்களுக்கும் கறி நிற்கும். நான் இங்கே சொல்பவை அவர்களுக்கும் பொருந்தும்.

மற்ற உணவுக்கும் கறிக்கும் என்ன வேறுபாடு என்றால், கறி என்பது நீள நீளமான தசை நார்களைக் கொலாஜன் என்னும் புரதம் கட்டிவைத்த கட்டு. எச்சில் மாவுச்சத்தைக் கரைக்கத் தொடங்கும், புரதத்தைத் தொடாது. நன்றாக வெந்த முட்டையைப் பல்லில்லாதவர்கூட நாக்கால் நசுக்கிவிடலாம். மீனின் நார்கள் குட்டையானவை, தொட்டாலே இதழ் இதழாகப் பிரியும். கோழியின் நெஞ்சுக்கறியோ நீள நூல்களாகத்தான் பிரியும். அந்த நூல்கள் சிறு பையில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பஞ்சை உருட்டி வைத்தது போலப் பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயை அடைத்துவிடும். ஆகவே இரைப்பை செய்துவந்த அரவை வேலையை இனி இரண்டு இடங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்: சமைக்கும் பாத்திரமும் உங்கள் பற்களும்.

முதலில் பாத்திரம். கொலாஜன் ஈரச்சூட்டில், குறைந்த தீயில், நீண்ட நேரம் வெந்தால் ஜெலட்டினாக இளகும், நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கும். அதிக தீயில் வறுத்தாலும் பொரித்தாலும் நார்கள் சுருங்கித் தம்மிடம் உள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். கொழுப்பு இல்லை, ஆரோக்கியமானது என்று எண்ணி நெஞ்சுக்கறியை எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். அதில் கொலாஜனும் குறைவு, கொழுப்பும் குறைவு. கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் உலர்ந்துபோகும். இந்த மாதங்களில் உங்களுக்குத் தொடைக்கறியே நல்லது. தோலை நீக்கிவிட்டு, சாற்றோடு மெதுவாக வேகவிடுங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினால் பிரிய வேண்டும், அதுதான் பதம். துண்டு போடும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். நீள நார் குட்டையாகிவிடும், மெல்லும் வேலை பாதியாகும்.

கொத்துக்கறி இன்னும் எளிது, நாரை முன்பே வெட்டியாயிற்று. ஆனால் அதை உருண்டையாகப் பிடித்துப் பொரித்தால் மறுபடியும் இறுகிவிடும். உதிரியாக, சாற்றோடு இருக்கட்டும். அடுத்தது மீந்த கறி. குளிரவைத்துச் சூடாக்கும்போது மிச்சமிருக்கும் ஈரமும் போய்விடும். நேற்று நன்றாக இறங்கிய கறி இன்று நிற்பதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இரண்டு கரண்டி சாறோ வெந்நீரோ சேர்த்து மூடிவைத்துச் சூடாக்குங்கள்.

இனி பற்கள். பட்டாணி அளவு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். இருபது முப்பது முறை மெல்லுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட நாக்கை நம்புங்கள். நாக்கால் துழாவும்போது ஒரு நூல்கூடத் தட்டுப்படக் கூடாது, கூழாக இருக்க வேண்டும். எவ்வளவு மென்றாலும் கூழாகாத துண்டு என்றால் துப்பிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விழுங்கியதும் கரண்டியைக் கீழே வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். கடைவாய்ப் பல் விழுந்திருந்தாலோ, பல் வலியால் ஒரு பக்கமாகவே மென்றாலோ, செயற்கைப் பல் சரியாகப் பொருந்தாவிட்டாலோ நான் மேலே சொன்ன எதுவும் பயன் தராது. அப்படியிருந்தால் முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். இதை யாரும் கேட்பதில்லை, நோயாளிகளும் சொல்வதில்லை.

நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டதுமே என்று எழுதியிருப்பதையும் கவனித்தேன். நின்றுபோவது பெரும்பாலும் முதல் சில வாய்கள்தான். கடும் பசியோடு உட்காரும்போது பழைய வேகம் நம்மை அறியாமல் திரும்பிவிடும். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும் நாட்களில்தான் இப்படி ஆகிறதா என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு முதல் வாய் தயிராகவோ முட்டையாகவோ இருக்கட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகலாம். விக்கல், திடீரென மூக்கில் நீர், தும்மல், நெஞ்சில் லேசான அழுத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் பை நிறைந்துவிட்டது என்று பொருள். தட்டில் ஒரே ஒரு துண்டுதான் மீதி என்றாலும் நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு துண்டுதான் உங்களை எழுந்து போகவைக்கிறது.

தண்ணீர் விஷயம். அடைத்திருக்கும்போது குடிக்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை. அடைப்பின் மேலே தேங்கி, எச்சிலோடு சேர்ந்து மேலே வரும், வலியும் கூடும். சாப்பிடும்போதும் முடித்து அரை மணி நேரம் வரையும் எதையும் குடிக்க வேண்டாம். கறியில் கலந்திருக்கும் சாறு இந்தக் கணக்கில் வராது.

மறுபடியும் நின்றுவிட்டால் உடனே சாப்பிடுவதை நிறுத்துங்கள். எழுந்து மெதுவாக நடங்கள், எச்சில் ஊறினால் துப்புங்கள், விழுங்க வேண்டாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாக இறங்கும் அல்லது வெளியே வந்துவிடும். சோடா குடிக்காதீர்கள். கறியை மென்மையாக்க விற்கும் பப்பாளி நொதிப் பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அது உணவுக்குழாயையே அரித்து ஓட்டையாக்கக் கூடும். அடைப்பு நீங்கிய பிறகு உள்ளே கொஞ்சம் வீங்கியிருக்கும், அன்றைக்கு முழுவதும் நீராகாரம், மறுநாள் மென்மையான உணவு. அந்த வீக்கத்தோடு மறுநாளே கறியை முயன்று பார்ப்பதால்தான் பலருக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை தொடர்ந்து வாந்தி வருகிறது.

இறைச்சியை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். விட வேண்டிய கட்டாயம் இல்லை, சாப்பிட்டே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படுவது புரதம், பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். அது குறைந்தால் எடையோடு தசையும் கரையும், முடி கொட்டும், படியேறினாலே களைப்பாக இருக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல், சமைத்த கோழிக்கறியில் அதே எடைக்கு 30 கிராம் அளவுக்கு இருக்கிறது. முட்டை, மீன், தயிர், பால், பருப்பு, சோயா, தேவையென்றால் மருத்துவர் சொல்லும் புரதப் பொடி என்று சேர்த்துக் கணக்கை எட்டிவிட்டால், கறி இல்லாத நாளை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சிவப்பு இறைச்சியில் இருக்கும் இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் பைபாஸுக்குப் பிறகு இரும்பு சேரும் முதல் குடல்பகுதியை உணவு தாண்டிப் போய்விடுகிறது. அமிலம் குறைந்ததால் பி12 வைட்டமினும் சரியாகப் பிரிந்து சேர்வதில்லை. எவ்வளவு கறி சாப்பிட்டாலும் மாத்திரைகளின் இடத்தை அது பிடிக்காது, அவை ஆயுள் முழுக்கத் தேவை. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இப்போதைக்கு இரண்டு வாரம் கறியை ஒதுக்கிவைத்து மீன், முட்டையோடு இருங்கள். பிறகு உதிரியான கோழிக் கொத்துக்கறி, ஒரு மேசைக்கரண்டி மட்டும், அவசரமில்லாத ஒரு நாளில். அது மூன்று, நான்கு முறை நன்றாக இறங்கினால் மெதுவாக வேகவைத்த தொடைக்கறி. ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் கடைசியில்தான். சிலருக்கு அதற்கு ஒரு வருடம்கூட ஆகிறது. முன்பு பிடித்த கறியின் வாசனையே இப்போது குமட்டலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுவை மாறுவது உண்மையான மாற்றம், பெரும்பாலோருக்கு நாளடைவில் சரியாகும். வீட்டில் யாராவது வற்புறுத்தினால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சாப்பிட இந்த வயிற்றால் முடியாது. அவர்கள் முடித்த பிறகும் நீங்கள் மென்றுகொண்டிருப்பதுதான் சரி.

சில அறிகுறிகள் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் சில மணி நேரம் ஆனால், எண்டோஸ்கோப்பி மூலம், அதாவது வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டு, அடைப்பை எடுக்க வேண்டியிருக்கும். நீராகாரமும் நிற்கத் தொடங்கினால் இணைப்பு சுருங்கியிருக்கலாம். அதையும் எண்டோஸ்கோப்பி வழியாகவே பலூன் வைத்து விரித்துவிடலாம், திரும்ப அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது. மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும், கருப்பாக மலம், வாந்தியில் ரத்தம் என்றால் இணைப்பில் புண்ணாக இருக்கலாம். புகைபிடிப்பதும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அந்தப் புண்ணை வரவழைக்கும், இரண்டையும் தவிருங்கள். விட்டுவிடாத கடும் வயிற்றுவலி எந்த நேரத்தில் வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது நாள்கணக்கில் தொடரும் வாந்தி. உடலில் பி1 வைட்டமின் இருப்பு சில வாரங்களுக்கே போதும், வாந்தியால் அது தீர்ந்தால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம், கால் மரத்துப்போவது இதன் அறிகுறிகள். தாமதித்தால் இந்தப் பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிடக் கூடும். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்காமல் ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். கூட வருபவருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.