பெட்டகத்தில் கிடைத்த கல்

கேள்வி: பங்கு பிரிக்கப் பெட்டகத்தைத் திறந்தபோது, எங்கள் பாட்டையா காசி யாத்திரை போய் வாங்கி வந்த சாளக்கிராமம் கிடைத்தது. "இது ஜுராசிக் காலத்து நத்தை ஓடு, ரெண்டாக அறுத்துப் பார்க்கலாம்" என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். அவன் சொல்வது சரியா? அந்தக் காலத்தில் நம்ம ஊர் எப்படி இருந்திருக்கும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, கல்லை மட்டும் அறுக்க விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலத்தை உங்கள் மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நத்தை என்பதுதான் தப்பு. நேபாளத்தில் முக்திநாத் பக்கம், காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புக் கல் அது. சக்கரம் என்று நாம் கும்பிடும் சுருள், அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு. கணவாய்க்குத்தான் அது உறவு. நத்தை ஓடு உள்ளே ஒரே குழாயாகப் போகும். இது நம்ம வளவு வீடு மாதிரி அறை அறையாகத் தடுத்தது. பிராணி குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் ஓட்டை நீட்டிக்கொண்டு, பின்னால் சுவர் வைத்து அடைத்துவிடும். அடைத்த அறைகளில் வாயு நிறைந்திருக்கும்; அவ்வளவு கனத்த ஓட்டோடு மிதக்க முடிந்தது அதனால்தான்.

எங்கள் அப்பத்தாவிடமும் ஒன்று இருந்தது. நிலவியல் படிக்கப் போன முதல் வருஷம், லீவுக்கு வந்தபோது லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுருளின் உள்பக்கம் ஒற்றையாகக் கிளம்பும் வரி, வெளிவிளிம்புக்கு வருவதற்குள் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. அப்பத்தா தினமும் துளசி வைத்த கல். அத்தனை வருஷமும் அந்த வரி என் கண்ணில் படவே இல்லை.

ஜுராசிக் காலம் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இந்தியா அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. அதன் வடகரையில் டெத்திஸ் கடல். செத்த அம்மோனைட்டுகள் அந்தக் கடலின் சேற்றில் புதைந்தன. அப்புறம் இந்தியா வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோத, கடலடிச் சேறு இமயமலையாக எழும்பியது. முக்திநாத் இன்று கடல் மட்டத்துக்கு 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

சரி, நம்ம ஊர்? ஜுராசிக் காலத்தில் இந்தப் பக்கத்து நிலம் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. அந்த அண்டார்டிகாவிலும் காடுதான். துருவங்களில் இன்றைக்குப் போல நிரந்தரப் பனிப்பாளம் கிடையாது. எங்கும் பெரணிச் செடிகள், ஊசியிலை மரங்கள், ஈந்து போன்ற சைகஸ் வகைகள். சிவகங்கைப் பக்கத்துப் பழம்பாறைகளில் அந்த மாதிரி இலைகளின் தடம் பதிந்திருக்கிறது. அவை ஜுராசிக் முடிந்து கொஞ்சம் பிந்தியவை. புல் என்பதே அப்போது இல்லை. நெல்லும் புல்தானே? ஆகவே கவுனி அரிசிக்கு மூதாதைகூடக் கிடையாது. நம் கிணறு வெட்டும்போது வரும் செம்புறாங்கல் இதற்கெல்லாம் வெகு பிந்தியது.

டைனோசர் இருந்ததா என்று மகன் கேட்பார். தெலங்கானாவில், கோதாவரிப் பக்கம் பாராபாசாரஸ் என்ற ஜுராசிக் டைனோசரின் எலும்புகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வங்காளியில் 'பெரிய கால்' என்று அர்த்தம். தாகூர் நூற்றாண்டை ஒட்டி அவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அந்த எலும்புக்கூடு நிற்கிறது. போனால் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை அவர் கையில் ஒரு லென்ஸ் கொடுங்கள். காலை வெயிலில், கல்லைச் சாய்த்துப் பிடித்து, வரி எந்த இடத்தில் பிரிகிறது என்று தேடட்டும்.