தரம் 9: வரலாறும் வாதக் கட்டுரையும் ஒரே வாரத்தில் கற்பிக்க முடியுமா?

கேள்வி: திருக்கோவில் பக்கம் ஒரு பாடசாலைக்குப் புதிதாக நியமனம் கிடைத்திருக்கிறது. தரம் 9க்குத் தமிழும் வரலாறும் நானே எடுக்கிறேன். ஒல்லாந்தர் பாடத்தையும் வாதக் கட்டுரையையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கற்பிக்கலாமா? பிள்ளைகள் திகதிகளைப் பாடமாக்குகிறார்கள். 'ஏன்' என்று கேட்டால் இரண்டு வரிக்கு மேல் எழுதுகிறார்கள் இல்லை. தவணைப் பரீட்சைக்கும் உதவ வேண்டும்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். இரண்டு பாடமும் ஒருவர் கையில் இருப்பது எல்லாருக்கும் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள். நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் இதே இரண்டு பாடத்தையும் எடுக்கும் ஆசிரியை. இந்த வாரத்தை நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன், உங்கள் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பிள்ளைகளுக்கு 'ஏன்' எழுத வராததற்கு மொழி காரணமில்லை. வீட்டில் தம்பியோடு சண்டை பிடிக்கும்போது காரணம் காரணமாக அடுக்கும் பிள்ளைதான் வகுப்பில் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிறது. வீட்டில் எதிரே மறுத்துப் பேச ஒரு ஆள் இருக்கிறது, பாடப் புத்தகத்தில் இல்லை. 'ஒல்லாந்தர் கறுவாவுக்காக வந்தனர்' என்று அச்சில் இருந்தால் அதை யார் மறுக்கப்போகிறார்கள்? ஆகவே இரண்டு பக்கம் உள்ள ஒரு வழக்கைப் பிள்ளைகளின் முன்னால் வைக்க வேண்டும். 1638ல் மட்டக்களப்பிலேயே அப்படி ஒரு வழக்கு தொடங்கியது.

ஆனால் திங்கட்கிழமை ஒல்லாந்தரைத் தொடாதீர்கள். கண்ணகியில் தொடங்குங்கள். வைகாசி பிறந்தால் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கிறது. கண்ணகி கதையான வழக்குரை பாடுவதையும் கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியையும் நம் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கும் வகுப்பென்றால் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், வழக்கு எல்லாருக்கும் விளங்கும். பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: பாண்டியன் சபையில் கண்ணகி எதனால் வென்றாள்?

'கோவத்தால', 'கற்பால', 'மதுரய எரிச்சதால' என்று வரும். எரித்தது வழக்கு முடிந்த பிறகு என்பதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். பிறகு சிலப்பதிகாரத்தின் இரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள் கண்ணகி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று. 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான் அரசன். இரண்டு தரப்பும் தத்தம் சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சிலம்பு உடைகிறது. தன் பரல் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். மாணிக்கம் தெறித்ததும் அவனுக்கு மறுக்க வழியில்லை. சபையில் கண்ணகி அழுதாள், கோபப்பட்டாள். அதெல்லாம் நியாயமானது, ஆனாலும் வழக்கைத் தீர்த்தது எதிராளியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு சோதனை. வாதக் கட்டுரை பற்றிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர விரும்புவது இது ஒன்றைத்தான்: நமக்குப் பிடித்த சான்று போதாது, எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்க முடியாத சான்று வேண்டும். வாரம் முழுக்க இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

செவ்வாய் வரலாறு. பின்னணியை நீட்ட வேண்டாம். 1638 மார்ச் 28ல் கண்டிக்கு அருகே கன்னொறுவையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரைத் தோற்கடித்தது, அவர்களின் தளபதி தியோகு த மெலோவும் அங்கே மாண்டான். மே 18ல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. இலங்கையில் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த முதல் கோட்டை அது. ஐந்து நாள் கழித்து, மே 23ல், மன்னனும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் உடன்படிக்கை செய்தார்கள். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் உதவுவது, செலவை மன்னன் கறுவா, மிளகு போன்ற பொருள்களாகக் கொடுப்பது, அதுதான் ஏற்பாடு.

இந்த இடத்தில் நின்று, நேரம் எடுத்துச் சொல்லுங்கள். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 'மன்னனிடம் இருந்த பிரதி', மறுபக்கம் 'கம்பனியிடம் இருந்த பிரதி' என்று எழுதுங்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் தங்கள் காவற்படையை வைப்பது பற்றி மூன்றாவது சரத்து பேசுகிறது. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் 'மன்னன் விரும்பினால்' என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் அது இல்லை. இரண்டு சொல்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1639ல் திருகோணமலை பிடிபட்டது. 1640ல் நீர்கொழும்பும் காலியும் பிடிபட்டன. திருகோணமலையையும் மட்டக்களப்பையும் பிறகு மன்னனிடம் கொடுத்தார்கள். கறுவா விளையும் பக்கத்துக் காலியையும் நீர்கொழும்பையும் கொடுக்கவில்லை. போர்ச் செலவு இன்னும் தீரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். காலியைப் பிடித்த கொஸ்டர் அதே ஆண்டில் கண்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் கொல்லப்பட்டான். 1656ல் கொழும்பு விழுந்தபோதும் மன்னனுக்கு நகரம் கிடைக்கவில்லை. 1658ல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தரிடம் போனது.

இந்த ஒழுங்கில் சொன்னால் திகதிகளைப் பாடமாக்கச் சொல்லத் தேவையில்லை. யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்று காட்டப் பிள்ளைகளுக்கே அந்த ஆண்டுகள் தேவைப்படும்.

வகுப்பு உடனே மன்னன் பக்கம் சாயும். அப்போது யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் பின்வாங்கில் இருப்பது, 'டீச்சர், ராசாவும் கையெழுத்து வெச்சதுதானே, மறுகா ஏன் ஏமாத்திட்டாங்க எண்டு செல்ற?' என்று கேட்கும். அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். நல்ல கேள்வி அது. மன்னன் ஒப்பமிட்டது 'விரும்பினால்' உள்ள பிரதியை நம்பித்தான் என்று ஒரு பிள்ளை சொல்லும். அப்படியென்றால் எந்தப் பிரதி செல்லும் என்று மற்றது கேட்கும். இங்கே திங்கட்கிழமைக் கதையை நினைவூட்டுங்கள். சிலம்பை உடைக்க முன்னம் இரண்டு பேரும் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். இங்கே முரண்பாடு வந்தால் எதை வைத்துத் தீர்ப்பது என்று யாரும் தீர்மானிக்கவில்லை, கோட்டைக்குள் இருந்தவன் கை ஓங்கியது. இன்னொன்றையும் கேட்க வையுங்கள்: நமக்குக் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பங்கை எழுதிவைத்தது யார்? கம்பனிக்காரர். அவர்களுடைய ஆவணத்தை வைத்தே அவர்களை மறுக்கலாமா? தரம் 9 பிள்ளைக்கு இது பெரிய கேள்வி என்று நினைக்காதீர்கள், நன்றாகவே பிடித்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை பேச்சு. பட்டிமன்றம் வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எனக்குப் பட்டிமன்றம் பிடிக்கும், ஆனால் பிள்ளைகள் அதற்கு அடுக்குமொழியும் கைதட்டலுக்கான வரிகளும் தேடத் தொடங்கிவிடுவார்கள், சான்று பின்னுக்குப் போய்விடும். அதற்குப் பதில் இலக்கண நூலான நன்னூலை எடுங்கள். எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்றாக 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்று பவணந்தி முனிவர் சொல்கிறார். அடுத்தவர் கொள்கையை முதலில் நாமே ஏற்று எடுத்துச் சொல்லி, பிறகு அதைக் களைவது. இதை அப்படியே விளையாட்டாக்கலாம். மன்னன் பக்கம் பேச வந்த பிள்ளை முதலில் கம்பனியின் நியாயத்தைக் கம்பனிக்காரனே 'ஓம், சரி' என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். எதிர்க்குழு தலையாட்டிய பிறகுதான் தன் மறுப்பைத் தொடங்கலாம். ஆரம்பத்தில் 'பேராசைக்காரர்' என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள், எதிர்க்குழு தலையாட்டாது. மெல்ல மெல்ல 'கப்பல் எங்கட, வெடிமருந்து எங்கட, செத்த ஆக்களும் எங்கட, காசு வராம கோட்டைய எப்படிக் குடுக்கிற?' என்ற இடத்துக்கு வருவார்கள். அந்த வாதத்துக்குப் பதில் சொல்லத்தான் உண்மையில் யோசிக்க வேண்டும்.

ஒல்லாந்தர் வருகையைப் பற்றிச் சிங்களத்தில் இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று ஒரு பழமொழி சொல்வார்கள், ஒரு தொல்லையை விட்டு அதைவிடப் பெரிய தொல்லையை வாங்கியது என்று பொருள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். தலைப்பாக வைக்கட்டும். சான்றாக வைக்க நான் விடுவதில்லை. கண்டியிலிருப்பவனுக்கு இனிக்கும் பழமொழி, கம்பனியின் ஆசியத் தலைமையகமான பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருப்பவனை அசைக்காது.

வியாழக்கிழமை எழுத்து. 'வாதக் கட்டுரை எழுதுக' என்று கொடுத்தால் 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்று கோடிழுத்து உட்கார்ந்துவிடுவார்கள். கடிதமாகக் கொடுங்கள். ஆண்டு 1640, காலி பிடிபட்டுவிட்டது, நீங்கள் கண்டிச் சபையில் எழுத்து வேலை பார்ப்பவர். பத்தாவியாவில் இருக்கும் ஒல்லாந்த மகாதேசாதிபதி வான் டீமனுக்கு, காலியை ஒப்படைக்கச் சொல்லி எழுதுங்கள். விரும்பும் பிள்ளைகள் மறுபக்கத்திலிருந்து பதில் எழுதலாம். வாசிப்பவர் யார் என்று தெரிந்தவுடன் மொழி மாறுகிறது. 'ஒல்லாந்தர் ஏமாற்றுக்காரர்' என்று தொடங்கிய பிள்ளை, இதை வாசித்துவிட்டு வான் டீமன் என்ன செய்வார் என்று கேட்டதும் அழித்துவிட்டு, 'தாங்கள் அனுப்பிய தளபதி ஒப்பமிட்டு எங்களிடம் தந்த பிரதியில் மன்னர் விரும்பினால் என்று இருக்கிறது' என்று எழுதுகிறது. இரண்டாவது வசனத்தில் ஒரு திட்டு இல்லை, ஆனால் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம். இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கட்டுரை இலக்கணம் பற்றிய நீண்ட விளக்கத்தைவிட இது கூடுதலாக உதவும்.

கொப்பியில் ஒன்றரைப் பக்கம் போதும். கேட்பது என்ன, எதை வைத்துக் கேட்கிறோம், அவர் என்ன மறுப்புச் சொல்வார், அதற்கு நம் பதில் என்ன, இவை நான்கும் இருந்தால் முழுப் புள்ளி. எழுத்துப்பிழையை அன்று திருத்தாதீர்கள். சிவப்பு மையால் நிறைந்த கொப்பியைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை தனக்குத் தெரிந்த சின்னச் சொற்களுக்குள்ளேயே ஒதுங்கிவிடும். ளகர, ழகரம் வேறொரு நாள் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை கொப்பிகளை மாற்றிக் கொடுங்கள். வாசிக்கும் பிள்ளைதான் வான் டீமன். தான் ஒத்துக்கொள்ள மாட்டாத வசனத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு, ஏன் என்று ஓரத்தில் ஒரு வரி. எழுதிய பிள்ளை அந்த ஒரு வசனத்தை மட்டும் திருத்தி எழுதட்டும். முழுவதையும் திருப்பி எழுதச் சொன்னால் அலுத்துப்போவார்கள்.

சனி, ஞாயிறுக்கு இன்றைய ஊர் விடயம் ஒன்று கொடுங்கள். எங்கள் பக்கம் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைப் பாதையில்தான், அதாவது மிதவைப் படகில்தான், கடக்க வேண்டும், பாலம் வேண்டுமென்று சனங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். மண்முனையில் 2014ல் பாலம் திறந்த பிறகு என்ன மாறியது என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்து எழுதச் சொல்வேன். துறையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டு, முடிந்தால் தாங்களே மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வருவார்கள். ஒரு அதிகாரி 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்ல முடியாத சான்று அது. திருக்கோவிலில் உங்களுக்குக் கடலரிப்போ, வயலுக்குள் இறங்கும் யானையோ, பஸ் நேரமோ இருக்கும். பிள்ளைகளையே தெரிவுசெய்ய விடுங்கள்.

புளியந்தீவில் உள்ள கோட்டைக்குக் கூட்டிப்போக வசதி கிடைத்தால் போங்கள். சின்னக் கோட்டைதான், வாவி அணைத்தபடி இருக்கிறது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நெடுங்காலம் அதற்குள்ளேயே இயங்கியதால் பெற்றோரில் பலருக்கு அது ஒரு அலுவலகமாகத்தான் தெரியும். போக முடியாவிட்டாலும் பாடம் குறையாது.

தவணைப் பரீட்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடித நடையில் வரலாற்று விடைத்தாளில் எழுதினால் புள்ளி கிடைக்காது, இதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த திங்கள் ஒரு பாடவேளையில் பாதியை ஒதுக்கி, தங்கள் கடிதத்திலிருந்தே '1638 உடன்படிக்கையால் மன்னன் எதிர்பார்த்த பலன் கிடைக்காமைக்கான காரணங்கள் மூன்று' என்ற வினாவுக்கு விடை எடுக்கச் சொல்லுங்கள். விளிப்பையும் வணக்கத்தையும் நீக்கிவிட்டு, காரணத்தை முதலிலும் ஆண்டை அதன் பின்னும் வைத்தால் விடை வந்துவிடும். தமிழ் வினாத்தாளில் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் வந்தால் சனி, ஞாயிறில் எழுதிய ஊர்க் கடிதம் கைகொடுக்கும், அந்தக் கொப்பியைத் தவணை முடியும்வரை வகுப்பு அலுமாரியிலேயே வைத்திருங்கள்.