பல்வலி குறைந்து தாடைக்கடியில் வீங்கினால் மாத்திரை மட்டும் போதுமா?

சொத்தைக் கடைவாய்ப் பல் ஒரு வாரம் வலித்தது, இப்போது வலி குறைந்து தாடைக்கடியில் வீக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை மட்டும் போதாது. இன்றைக்கே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி குறைந்ததை நம்பாதீர்கள். வேர்நுனியில் அடைபட்டிருந்த சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறும்போது அழுத்தம் இறங்கி வலி தணிவதுண்டு. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள் பெரும்பாலும் நாக்குக்கடியில் உள்ள தசை ஒட்டும் கோட்டுக்கும் கீழே போகும். அதனால் சீழ் வாய்க்குள் வராமல் கழுத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது.

அது இரு பக்கமும், நாக்குக்கடியிலும் பரவினால் லுட்விக் ஆஞ்சைனா. 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. தாடைக்கடியில் தொட்டால் பலகை போலக் கெட்டியாக இருக்கும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எச்சிலை விழுங்க முடியாமல் வழியும், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறும். இதில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும் சரி, பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாக்கு பின்னால் தள்ளி மூச்சை அடைத்துவிடும்.

அங்கே முதல் வேலை மூச்சுப்பாதையைக் காப்பது. தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். அப்புறம் கீறிச் சீழை வடித்து, நரம்பு ஊசியில் ஆன்டிபயாடிக் ஏற்றி, காரணமான பல்லையும் பெரும்பாலும் பிடுங்கிவிடுவார்கள். சீழ்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து தனியாகப் போய்ச் சேராது.

சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தொற்று வேகமாகப் பரவும்.