சுவர் நிற்கிறது, கரை போய்விட்டது

கேள்வி: பேராக், ஊத்தான் மெலிந்தாங்கில் 4 ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். வறட்சியில் தண்ணீரைப் பிடித்துவைக்க வடிகாலின் குறுக்கே சிமெண்டுக் கல்லில் சுவர் எழுப்பினேன். நவம்பர் மழையில் சுவருக்குப் பக்கத்துக் கரை அறுந்துபோய், தண்ணீர் அந்த வழியாக ஓடுகிறது. மேலே உள்ள தோட்டங்களையும் சேர்த்து 50 ஏக்கர் தண்ணீர் இந்த வடிகாலில்தான் வருகிறது. இன்னும் தடிமனாகக் கட்டினால் நிற்குமா?

பதில்: நிற்காது ஐயா. தண்ணீர் சுவரை உடைக்கவில்லையே, பக்கத்தில்தானே வழி தேடிக்கொண்டது! தடிமனுக்குப் போடும் பணத்தைப் பக்கவாட்டிலும் அடியிலும் போடுங்கள்.

முதலில் அளவு. உங்கள் 4 ஏக்கரை மட்டும் கணக்கில் எடுக்கக்கூடாது. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து, 50 ஏக்கர் தண்ணீரும் 24 மணி நேரத்தில் வடிய வேண்டுமென்றால், வினாடிக்கு ஏறக்குறைய 235 லிட்டர் வரும். 1 மீட்டர் அகலத் திறப்பில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் சுமார் 280 லிட்டர் போகும். ஆக, 1 மீட்டர் திறப்பு போதும். ஆனால் வழிகிற அந்த 30 சென்டிமீட்டருக்கு மேலும் கரை உயர்ந்து நிற்க வேண்டும்.

திறப்பில் நிரந்தரச் சுவர் வேண்டாம். இரண்டு பக்கமும் காடி (பலகை செருகும் பள்ளம்) வைத்து, செங்கால் என்ற கெட்டி மரத்தின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். வறட்சியில் பலகை ஏறும், மழைக்காலம் நெருங்கும்போது இறங்கும். பக்கச் சுவர்கள் கரைக்குள் குறைந்தது 1 மீட்டராவது போக வேண்டும். அதைச் சுற்றி மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு இடித்து இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனால் மறுபடி இதே கதைதான்.

அடி வழியாகவும் தண்ணீர் ஊறி மண்ணை இழுக்கும். பலகைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மென்மையான களிமண்ணில் ஊறும் பாதை அதைப்போல் 3 மடங்கு, அதாவது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். செங்குத்து நீளம் முழுதாகக் கணக்கில் வரும், படுக்கை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். திறப்பின் அடியில் போடும் தளத்தின் மேல்முனையில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடுப்புச் சுவர் இறக்கினால், இறங்கி ஏற 1.2 மீட்டர். தளத்தின் 2 மீட்டர் நீளம் 0.67 கொடுக்கும். கீழ்முனையிலும் 30 சென்டிமீட்டர் இறக்கினால் இன்னும் 0.6. மொத்தம் 2.47, தாராளம். தோண்டும்போது நுண்மணல் தட்டுப்பட்டால் 3 போதாது, 7 மடங்கு வேண்டும். தளம் முடியும் இடத்திலிருந்து 1 மீட்டருக்குக் கருங்கல்லும் பரப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. நம் கடலோர மண்ணில் பல இடங்களில் கீழே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) படுகை உண்டு. வடிகாலில் துரு நிறத் தண்ணீரும், தோண்டிப் போட்ட மண்ணில் மஞ்சள் திட்டுகளும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நீர்மட்டம் ரொம்ப இறங்கினால் அந்தப் படுகை காற்றுப் பட்டு அமிலம் கக்கும். வேர் கெடும், சாதாரண சிமெண்டும் அரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சல்பேட் தாங்கும் சிமெண்ட் கேட்டு வாங்குங்கள். நீர்மட்டத்தை நிலத்துக்குக் கீழே சுமார் 60 சென்டிமீட்டரில் வைத்திருப்பது செம்பனைக்கும் நல்லது.

வடிகால் அரசு நிலத்தில் போகிறது என்றால், கல் இறக்கும் முன் ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன வடிகால் துறை) அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பலகையை எப்போது எடுப்பீர்கள் என்று மேல் தோட்டக்காரர்களிடமும் பேசி வையுங்கள், அவர்கள் நிலத்தில் தண்ணீர் நின்றால் பஞ்சாயத்து உங்கள் வாசலுக்குத்தான் வரும்.